கிரைண்டர் போட்டால் கேட்காது

உன் கிரைண்டர் இன்று கருகிவிட்டது.

தோசைக்குச் சம்பல் அரைக்கப் போனேன். ஃப்ரீசரிலிருந்து எடுத்த பாக்கெட் தேங்காய்ப்பூ சரியாக இளகவில்லை. பொறுமை என்பது எனக்கு எட்டாத பொருள் என்று உனக்குத்தான் தெரியுமே, கட்டியாகவே அள்ளிப் போட்டு மூடியை அமுக்கிக்கொண்டு நின்றேன். முதலில் ஒரு முனகல். பிறகு அந்த மணம். பிளாஸ்டிக்கும் தலைமயிரும் சேர்ந்து எரிகிற அந்த மணம் அடுப்படியை நிறைத்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. புகை அலாரம் வேறு கத்தத் தொடங்கிவிட்டது. முன்னறையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த ஆரணி ஓடி வந்து யன்னலைத் திறந்து, துவாயை எடுத்து அலாரத்துக்குக் கீழே வீசி வீசி அதை அடக்கினாள். உன் மகள் இப்போது என் தோள் வரை வளர்ந்துவிட்டாள். அடுத்த செப்டெம்பரில் பெரிய பள்ளிக்கூடம் போகிறாள்.

அலாரம் நின்ற பிறகு அவள் ஒன்று சொன்னாள். சாதாரணமாக, பழுதான பொருளைப் பற்றிச் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாயே ஒரு கேள்வி, அதற்கான பதில் அது. எடுத்த எடுப்பில் அதை எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும். பொறுத்துக்கொள்.

இந்தக் கருகல் மணம் எனக்கு உன் மணம். இப்படிச் சொன்னால் உனக்குக் கோபம் வரும், ஆனால் உண்மை. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் என் பக்கத்துக் கதவுக்கு நீ குடிவந்த புதிதில் இருந்தே உன் வீட்டிலிருந்து இடைக்கிடை இந்த மணம் வரும். ஒரு சாதாரணக் குடும்பத்துக்குக் கிரைண்டர் பத்து வருடம் உழைக்கும். உன் வீட்டில் அது ஒரு வருடத்தைத் தாண்டினால் அதிசயம். டூட்டிங் கடைக்காரர் உன்னைக் கண்டாலே சிரிப்பார். "என்ன பிள்ளை, வீட்டுக்குள்ள தோசைக்கடை நடத்துறியளோ?" என்று ஒருமுறை கேட்டார். நீயும் சிரித்தாய். நானும் பக்கத்தில் நின்று, "ஓம் அண்ணை, நான்தான் முதல் வாடிக்கையாளர்" என்றேன்.

பொய்யில்லை. உன் அடுப்படிக்கும் என் முன்னறைக்கும் இடையில் ஒரு மெல்லிய சுவர்தான். அங்கே கிரைண்டர் இரைய, கூடவே ஆரணியின் குரல் எழும். ஆனா, ஆவன்னா, இனா, ஈயன்னா என்று அடித்தொண்டையில் கத்திப் படிப்பாள். அக்கன்னா வரை வந்து, மூச்சு எடுத்து, திரும்பவும் ஆனாவில் தொடங்குவாள். கிரைண்டர் நிற்கும் வரை நிறுத்தமாட்டாள். லண்டனில் பிறந்த பிள்ளை என்ன வடிவாகத் தமிழ் படிக்கிறது பாருங்கோ என்று என் கணவரிடம் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டில் தொலைக்காட்சி மட்டும்தான் கத்துகிறது, அங்கே பார், சமையலும் படிப்புமாகக் கலகலவென்று இருக்கிறது என்று குத்திக் காட்டியும் இருக்கிறேன்.

அடுத்த நாள் காலையில் நீ ஒரு சட்டி தோசை மாவோடு வந்து நிற்பாய். சில நாள் சம்பல், சில நாள் மிளகாய்த்தூள். மூன்று பேர் உள்ள வீட்டில் இவ்வளவு எதற்கு அரைக்கிறாய் என்று கேட்டால், "கை கூடிப் போச்சு அக்கா" என்பாய். குளிர் என்று கழுத்தைச் சுற்றி ஒரு சால்வை இருக்கும். கோடையிலும் இருக்கும். ஐஸ்கட்டி எடுக்க உன் ஃப்ரீசரைத் திறந்தால் எப்போதும் பச்சைப் பட்டாணிப் பை ஒன்று கிடக்கும். உன் கறிகள் எதிலும் நான் பட்டாணியைக் கண்டதில்லை.

ஒருநாள் அந்த மாவில் தோசை சுட்டுச் சாப்பிட்டுக்கொண்டே பங்கர்க் கதை கதைத்தோம், நினைவிருக்கிறதா? நாட்டில் சண்டை நடக்க, நீ உன் ஊரிலும் நான் என் ஊரிலும் பதுங்கியிருந்த காலம். குண்டு போடுகிற பொம்மர் விமானம் மேலே சுற்றத் தொடங்கினால் பிள்ளைகளைக் குழிக்குள் இறக்கி, வாயைத் திறந்து சத்தமாக எதையாவது சொல்லச் சொல்லுவார்கள் எங்கள் அம்மாமார். வாய் திறந்திருந்தால் காது வெடிக்காது, கத்தினால் குண்டுச் சத்தம் கேட்காது என்பது அவர்கள் கணக்கு. உன்னைவிட நான் ஐந்தாறு வயது மூத்தவள், எனக்கு வாய்ப்பாடு. நீ அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியவள், உனக்கு ஆனா ஆவன்னா. "என்ர பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைக் கேட்டுத்தான் பொம்மர்காரன் பயந்து திரும்பிப் போனவன்" என்று நான் சொல்ல, நீ தோசை புரையேறும் அளவுக்குச் சிரித்தாய். ஆரணி மேசைக்குக் கீழே இருந்துகொண்டு ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டாள். அதற்கும் சிரித்தோம்.

உன் வீட்டுக்காரரை எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, எழுதக் கை கூசினாலும். பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, மாடிப்படியில் என் சாமான் பைகளை வாங்கித் தூக்கி வருவார். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் தேருக்கு வடம் பிடிக்க முதல் ஆளாக நிற்பார். ஆரணியின் பிறந்தநாள் ஒன்றில் யாரோ தன் மகனுக்கு முதுகில் ஒன்று போட, இவர் எழுந்து ஒரு பிரசங்கமே வைத்தார். இந்த நாட்டில் பிள்ளையில் கை வைக்கக் கூடாது, தழும்பு விழுந்தால் போலீஸ் வரும், கவுன்சில்காரர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், நான் என்ர பிள்ளையை ஒருநாளும் தொட்டதில்லை என்றார். உண்மைதான். ஒருநாளும் தொட்டதில்லை. எங்கள் ஆட்கள் இங்கே வந்து இறங்கியவுடன் கற்றுக்கொண்ட முதல் சட்டம் அது, பஸ் நம்பர் பாடமாவதற்கு முன்னமே பாடமாகிவிடும். பிள்ளைகளும் அதை வைத்துத்தான் பெற்றவர்களை மிரட்டும். அன்று எல்லோரும் தலையாட்டினார்கள். நீ கேக் வெட்டிய கத்தியைத் துடைத்துக்கொண்டு நின்றாய்.

நான் அப்போது ஆரணி படித்த பள்ளிக்கூடத்தில் வகுப்பு உதவியாளராக வேலை செய்துகொண்டிருந்தேன். வருடத்துக்கு ஒருமுறை எங்களை உட்கார்த்தி, பிள்ளைகளுக்கு நேரக்கூடிய கொடுமை என்றால் சட்டப்படி என்ன என்று சொல்லித் தருவார்கள். அடிப்பது ஒன்று. சாப்பாடு, உடுப்பு, மருந்து பாராமல் விடுவது ஒன்று. தகாத விதத்தில் தொடுவது ஒன்று. மனதை நோகடித்து நோகடித்துக் குறுக வைப்பது இன்னொன்று. இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குள் சிரிப்பு. இந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் ஊரில் ஒரு வாத்தியாரும் வெளியே மிஞ்சமாட்டாரே என்று நினைத்தேன். அந்த முறை பாடம் சொல்ல வந்த பெண் கடைசியில் இன்னொன்றையும் சொன்னாள். சட்டம் இப்போது தன் வரையறையை அகட்டியிருக்கிறது, வீட்டில் வேறொருவர் வதைபடுவதைப் பார்த்தோ கேட்டோ ஒரு பிள்ளையின் நலமும் வளர்ச்சியும் கெடுமானால் அதுவும் அந்தப் பிள்ளைக்கு நேர்ந்த தீங்குதான் என்றாள். கேட்பதுமா என்று எனக்குப் பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். கேட்பதும்தான் என்றாள் அந்தப் பெண். இவர்கள் காற்றையும் கம்பி எண்ண வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போனேன்.

பிறகு வகுப்பில் பழச்சாறு செய்த நாள் வந்தது.

பிள்ளைகளுக்குப் பழங்கள் சாப்பிடப் பழக்குகிற வாரம் அது. ஆரணிக்கு ஆறு வயது. வகுப்பு ஆசிரியை இளம் பெண், வீட்டிலிருந்து பிளெண்டரைத் தூக்கி வந்திருந்தாள். வாழைப்பழமும் ஸ்ட்ராபெரியும் போட்டுப் பொத்தானை அமுக்கினாள். அந்த இரைச்சல் எழுந்ததும் ஆரணி நாற்காலியை விட்டு இறங்கினாள். நேரே போய் வகுப்புக் கதவைச் சாத்தினாள். கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, கால்களை நீட்டி, ஆனா, ஆவன்னா என்று கத்தத் தொடங்கினாள். மற்றப் பிள்ளைகள் அதை ஏதோ பாட்டு என்று எண்ணிக் கை தட்டின. ஆசிரியையும் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அவள் முகத்தைப் பார்க்கும் வரை. அந்த முகத்தில் பாட்டு இல்லை.

பிளெண்டர் நின்றது. அவளும் நிறுத்தினாள். எழுந்து ஆசிரியையிடம் போய் அவள் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு, பட்டாணி கொண்டுவரட்டுமா என்று இங்கிலீஷில் கேட்டாள். இந்தச் சாற்றில் பட்டாணி போடுவதில்லையே செல்லம் என்றாள் ஆசிரியை. ஆரணி பொறுமையாக விளங்கப்படுத்தினாள். குடிக்க இல்லை மிஸ், முகத்தில் வைக்க, ஃப்ரீசரில் இருக்கிற பையை இப்படிப் பிடித்துக்கொண்டிருந்தால் நோவு குறைந்துவிடும். தன் கன்னத்தில் கையை வைத்துக் காட்டியும் கொடுத்தாள்.

அந்த இளம் பெண் அதன் பிறகு சிரிக்கவில்லை. பிள்ளைகளுக்குச் சாற்றை ஊற்றிக் கொடுக்கும்படி என்னிடம் சொல்லிவிட்டு, பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரைத் தேடி வெளியே போனாள். நான் ஊற்றினேன். கோப்பைகளுக்குள் விழுந்ததைவிட மேசையில் விழுந்ததுதான் கூட. உன் ஃப்ரீசரும் உன் சால்வையும் அந்தச் சுவரும் ஒன்றன்மேல் ஒன்றாக எனக்கு முன்னால் வந்து நின்றன.

நான் ஏன் முன்னமே கண்டுபிடிக்கவில்லை என்று நெஞ்சில் அடித்துக்கொள்ள நான் தயாரில்லை. நீ மறைத்தாய். கெட்டிக்காரியாக மறைத்தாய். என்னை ஏமாற்றியதில் உனக்கு ஒரு பங்கு வெற்றி இருந்ததென்றால் அதை நீயே வைத்துக்கொள். ஆனால் அந்த மாவை மட்டும் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. நீ அடி வாங்கிய ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று அரைபட்டது. அதைத்தான் அடுத்த நாள் நாங்கள் தோசையாகச் சாப்பிட்டோம். இன்னும் கொஞ்சம் இருக்கே என்று கேட்டும் சாப்பிட்டோம்.

கவுன்சிலிலிருந்து ஆள் வருகிறார் என்று தெரிந்த அன்று நீ என் வீட்டுக்கு வந்த கோலம் மறக்காது. வெறுங்காலோடு வந்து நின்றாய். "அக்கா, பிள்ளையைக் கொண்டுபோயிடுவாங்களே?" என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டாய். வேறு எதுவும் உனக்கு வேண்டியிருக்கவில்லை. உன் உடம்பைப் பற்றியோ உன் வீட்டுக்காரரைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. எனக்குப் பக்கத்தில் வந்து இரு என்று கேட்டாய். பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறவள் என்பதால் நான் வாய் திறக்கக் கூடாது, உனக்குத் துணையாக உட்கார மட்டும்தான் செய்யலாம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். அன்று இருந்தேன்.

வந்தவர் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவராம். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். உன் வீட்டுக்காரர் ஷிப்டில் இருந்தார். நீ எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்திருந்தாய். தடுப்பூசி அட்டை, பள்ளிக்கூடத்தில் கொடுத்த சான்றிதழ்கள், பழங்கள் நிறைந்த ஒரு தட்டு. மாரிக் குளிரில் ஆரணிக்குக் கையில்லாத சட்டையும் கட்டைக் காற்சட்டையும் போட்டு நடுவீட்டில் நிறுத்தியிருந்தாய். அவர் உட்காரும் முன்பே பிள்ளையின் கையைத் தூக்கிக் காட்டினாய், முழங்காலைத் தடவிக் காட்டினாய், சட்டையை உயர்த்தி முதுகைத் திருப்பிக் காட்டினாய். சந்தையில் மாம்பழத்தைத் திருப்பிக் காட்டுகிற மாதிரி. ஆரணி நீ திருப்பிய பக்கமெல்லாம் திரும்பினாள்.

"வடிவாப் பாருங்கோ. ஒரு கீறல் இருக்கே? என்ர பிள்ளையில ஒருத்தரும் கை வைக்கிறேல்லை. வைக்க நான் விடவும் மாட்டன்."

அந்தப் பெண் எழுந்து, கதிரையில் கிடந்த உன் சால்வையை எடுத்து ஆரணியைப் போர்த்திவிட்டார். அறைக்குள் போய் எனக்கு ஒரு படம் வரைந்து கொண்டு வருகிறாயா என்று கேட்டு அனுப்பினார். சால்வை போன பிறகு உன் கழுத்து தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார், பார்த்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"பிள்ளைய யாரும் அடிச்சதா நான் சொல்லலைம்மா," என்றார். "வீட்டுல இன்னொருத்தருக்கு நடக்கிற கொடுமை பிள்ளை காதுல விழுந்து, அதனால பிள்ளை கெட்டுப் போச்சுன்னா, அதுவும் பிள்ளைக்குச் செஞ்ச தீங்குதான். சட்டம் அப்படித்தான் சொல்லுது."

நீ தலையை ஆட்டினாய், வேகமாக, இல்லை இல்லை என்று. உன் பிள்ளைக்கு எந்தத் தீங்கும் வரவில்லை என்று நிரூபிக்க வேண்டிய அவசரம் உனக்கு. அந்த அவசரத்தில்தான் அது வந்தது.

"இல்லை, அவளுக்கு ஒண்டும் கேக்காது. அவர் தொடங்க முதலே நான் கிரைண்டரைப் போட்டிடுவன்."

சொல்லி முடித்த பிறகுதான் உனக்கு விளங்கியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாய். அதுவரை ஒருவரும் உன்னிடம் அவர் அடிப்பாரா என்று கேட்கவில்லை. எத்தனையோ வருடமாக எனக்கும் உன் அண்ணனுக்கும் அம்மனுக்கும் சொல்லாததை, உன் பிள்ளை நல்லாயிருக்கிறாள் என்பதற்குச் சாட்சியாகச் சொல்லிவிட்டாய்.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார். அவர் தொடங்கப் போகிறார் என்று எப்படித் தெரியும் என்று மெதுவாகக் கேட்டார். கடிகாரத்தைக் கழற்றித் தொலைக்காட்சிக்கு மேல் வைப்பார், அதுதான் அடையாளம் என்றாய். வைத்தால் நீ அடுப்படிக்குப் போய், கைக்கு வந்ததை ஜாருக்குள் போட்டு, கடைசி வேகத்தில் திருப்பிவிடுவாய். பிள்ளை அறைக் கதவைச் சாத்தி, உட்கார்ந்து, ஆனா ஆவன்னா சொல்ல வேண்டும். இதை எங்கே பழகினாய் என்று அவர் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். எனக்கு எங்கே என்று தெரியும். பங்கருக்குள்ளே படித்ததை நீ கோலியர்ஸ் வுட் வரை சுமந்து வந்திருக்கிறாய்.

ஆரணியை ஒருவரும் கொண்டுபோகவில்லை. எங்கள் ஆட்கள் வருடக்கணக்காகப் பயந்த அந்த ஒன்று மட்டும் நடக்கவில்லை. நீதிமன்றம் சொல்லி, போனது அவர்தான். ஆனாலும் மனத்தீங்குக்கு ஆளான பிள்ளை என்று ஆரணியின் பெயரைக் கவுன்சிலின் பாதுகாப்புப் பதிவில் சேர்த்த அன்று, கள்ளரைப் போலப் பிள்ளையின் பெயரைப் பதிந்துவிட்டார்களே என்று நீ என் சோபாவில் கிடந்து அழுதாய். அது அவளுக்குக் காவல், குற்றப்பத்திரிகை இல்லை என்று விளங்கப்படுத்த எனக்கு ஒரு முழுப் பின்னேரம் பிடித்தது. உண்மையைச் சொன்னால், எனக்கும் அது அன்றைக்குப் பாதிதான் விளங்கியிருந்தது.

அடுத்த தேருக்கு நீ ஆரணியைக் கூட்டிக்கொண்டு வெஸ்ட் ஈலிங் வந்தாய், என்னோடு. வராதே என்று பலர் சொல்லியும் வந்தாய். சட்டனில் குடியிருக்கும் உன் அண்ணனும் வந்திருந்தார். நல்ல மனிதர்தான், ஊர் வாய்க்குப் பயந்தவர். உன்னைத் தனியே கூப்பிட்டு, குடும்பத்தைப் பிரித்துவிட்டாயே என்று மெல்லத் தொடங்கினார். பிறகு, "சரி, பிள்ளையில கை வைச்சவரே?" என்று கேட்டார். எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் வழக்கு முடிந்தது என்பது எங்கள் சட்டம். நீ மேளத்துக்கு மேலால் கேட்கும்படி கொஞ்சம் குரலை உயர்த்திச் சொன்னாய்.

"ஓம் அண்ணை. என்ர பிள்ளையின்ர காதில வைச்சவர்."

அவர் அதற்குப் பிறகு உன்னிடம் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. இன்று ஆரணி வளர்வது அவர் வீட்டில்தான். அவரோ அவர் மனைவியோ அந்த வீட்டில் ஒரு கதவைக்கூட அடித்துச் சாத்துவதில்லை என்று ஆரணி சொல்லுகிறாள். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிய என்னிடம் கொண்டுவந்து விடுகிறார்.

அந்த நல்ல வருடங்களில் உன் வீட்டில் ஒரு புது வழக்கம் வந்தது. அந்த மலேசியப் பெண் சொல்லித் தந்ததா, நீயே கண்டுபிடித்ததா என்று நான் கேட்டதில்லை. கிரைண்டர் போடும் முன்னால், "கிரைண்டர் போடப்போறன், சம்பலுக்கு" என்று உரக்கச் சொல்லுவாய். "ஓம்" என்று ஆரணி திருப்பிச் சொன்ன பிறகுதான் கை பொத்தானுக்குப் போகும். அடுப்படிக் கதவு அகலத் திறந்திருக்கும், அவள் எங்கே இருந்தாலும் உன்னைப் பார்க்கக்கூடிய இடத்தில் நின்று அரைப்பாய். சுவருக்கு இந்தப் பக்கம் நான் அந்த "ஓம்" வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். நீ கடைசியாக வாங்கிய கிரைண்டர் பிறகு கருகவே இல்லை. உனக்குப் பிறகு அது என்னிடம் வந்தது. இன்று என் அவசரத்தில் போய்ச் சேர்ந்தது.

ஆனால் நீ ஆறவில்லை. அந்தக் கேள்வி உன்னை விடவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்பாய், உடுப்பு மடிக்கும்போது கேட்பாய். "அக்கா, உண்மையா அவளுக்குக் கேட்டிருக்குமே?" முதலில் நான் எரிந்து விழுந்தேன், அதுதான் முடிந்துபோன கதையாயிற்றே, ஏன் கிளறுகிறாய் என்று. பிறகு உன் இரத்தத்தில் புற்றுநோய் வந்தது. முப்பது வயதுகூட ஆகவில்லை உனக்கு. ஆஸ்பத்திரியில் வாய் புண்ணாகிப் பேச முடியாமல் கிடந்தபோதும், என் கையைப் பிடித்து இழுத்து, உன் காதைத் தொட்டுக் காட்டிக் கண்ணால் கேட்டாய். ஆரணியிடம் கேட்க உனக்குத் துணிவு வரவில்லை. எனக்கும்தான். "கேட்டிருக்காது பிள்ளை," என்றேன். "அந்தக் கிரைண்டர் இரைச்சலுக்கு எனக்கே இஞ்சாலை ஒண்டும் கேட்டதில்லை. அவளுக்கு எப்படிக் கேக்கும்?" நீ என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு தலையாட்டினாய். உன் முகம் இளகியது. அதைப் பார்த்து எனக்கும் நிம்மதியாக இருந்தது.

இனிச் சொல்லுகிறேன்.

அலாரம் அடங்கியதும் ஆரணி கருகிய ஜாருக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், துவாயை மடித்துக்கொண்டே சொன்னாள். "பெரியம்மா, இது வேலை செய்யிறேல்லை, தெரியுமே? கிரைண்டருக்கு மேலாலயும் எல்லாம் கேக்கும்."

பிறகேன் பிள்ளை அப்படிக் கத்தினாய் என்று மட்டும் கேட்டேன். அவள் பாதித் தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் சொன்னதை முழுத் தமிழில் எழுதுகிறேன், உனக்கு இங்கிலீஷ் ஓடாது.

"அம்மாக்குக் கேக்கட்டும் எண்டுதான். நான் கத்திறது கேட்டா, எனக்குக் கேக்கேல்லை எண்டு அம்மா நினைப்பா. அப்ப அவக்குக் கொஞ்சம் சுகமா இருக்கும்."

சொல்லிவிட்டு, சம்பல் இல்லையென்றால் ஜாம் இருக்கிறதா என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். ஜாம் தடவித் தோசை சாப்பிட்டுவிட்டு வீட்டுப்பாடத்துக்குப் போய்விட்டாள்.

ஆக, சட்டம் சொன்னதுதான் சரி. அவளுக்குக் கேட்டது. எல்லாம் கேட்டது. ஆறு வயதில் அவள் உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள், நீ அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தபோது. நீ உயிரோடு இருந்திருந்தால் இதைச் சொல்லியிருக்கமாட்டேன். சொல்லாமல் இருக்கவும் என்னால் ஏலாது, அதனால்தான் இல்லாத உனக்கு எழுதுகிறேன்.

அவள் போன பிறகு யன்னலடியில் உட்கார்ந்திருந்தேன். மணம் இன்னும் போகவில்லை. எனக்கு அந்தப் பங்கர் ஞாபகம் வந்தது. பொம்மர் குண்டு போடத் தாழப் பதிகிற இரைச்சல் ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது. குண்டு விழுந்த திசைகூடத் தெரிந்தது. வாய்ப்பாடு எந்தச் சத்தத்தையும் மறைத்ததில்லை. ஆனாலும் கத்தினேன், தொண்டை கிழியக் கத்தினேன், கத்திக்கொண்டே அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் குரல் ஓங்க ஓங்க அந்த முகம் கொஞ்சம் இளகும். அதற்காகத்தான் கத்தினேன் என்று இத்தனை வயதுக்குப் பிறகு இன்றைக்குத்தான் எனக்கே விளங்குகிறது. நீயும் உன் ஊர்க் குழிக்குள் ஆனா ஆவன்னா கத்தியவள்தானே. உன் அம்மாவின் முகத்தை நீயும் பார்த்திருப்பாய். கத்துகிற பிள்ளைக்குக் கேட்குமா கேட்காதா என்பது என்னைவிட உனக்குத் தெரிந்திருக்கும்.

நாளைக்கு டூட்டிங் போய்ப் புதுக் கிரைண்டர் வாங்குவேன். போடும் முன்னால் சொல்லிவிட்டுத்தான் போடுவேன், வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அது எனக்குப் பழகிவிட்டது. பழகாத ஒன்று உண்டு. கேட்டிருக்காது என்று நான் சொன்னபோது நீ என் முகத்தைப் பார்த்தாய், தலையாட்டினாய், உன் முகம் இளகியது, என் முகமும் இளகியிருக்கும். நீ நான் சொன்னதை நம்பித்தான் தலையாட்டினாய் என்று இன்று காலை வரை நினைத்திருந்தேன்.